கூந்தலில் அழகு, கன்னத்தில் குறையா?



நம் சமுதாயத்தில் கைமாறும் திருமணத் தகவல் படிவங்களில், வயது, படிப்பு, குடும்பம், மார்க்கக் கல்வி ஆகியவற்றுக்கு நடுவே ‘நிறம்’ என்றொரு கட்டம் தவறாமல் இடம்பெறுகிறது. ‘சிவந்த நிறம்’ என்று எழுத முடிந்த பெற்றோர் நிம்மதியாக எழுதுகிறார்கள். முடியாதவர்கள் ‘மாநிறம்’ என்று எழுதிவிட்டு, அதை ஈடுகட்ட இன்னும் எத்தனை பவுன் சேர்க்க வேண்டுமோ என்று கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களோ, கூந்தல் கருகருவென்று இருந்தால் மகிழ்கிறார்கள். முகம் கறுத்திருந்தால் தயங்குகிறார்கள். தலையில் இருந்தால் அழகு, கன்னத்தில் இருந்தால் குறை. இந்த முரண்பாட்டை நாம் ஒருமுறையேனும் சிந்தித்ததுண்டா?

நம் உடலைப் போர்த்தியிருக்கும் மேல்தோல் மிகவும் மெல்லியது. இமையில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் அடியடுக்கில் செல்கள் இடையறாது பிறக்கின்றன. மேல்நோக்கி நகர்ந்து, கெரட்டின் என்னும் புரதத்தால் நிரம்பி, தட்டையாகி, உயிரிழந்து உதிர்கின்றன. இப்பயணத்துக்கு ஏறத்தாழ நான்கு வாரங்களோ அதற்குச் சற்று அதிகமோ ஆகும். நாம் தொட்டு உணரும் தோலின் மேற்பரப்பு உயிரற்ற செல்களின் அடுக்கேயாகும்.

அந்த அடியடுக்கில்தான் மெலனோசைட் எனப்படும் நிறமிச் செல்கள் அமர்ந்திருக்கின்றன. இவை மெலனின் என்ற நிறமியை நுண்மணிகளாக உருவாக்கி, தம் கிளைகளின் வழியே சுற்றியுள்ள செல்களுக்கு வழங்குகின்றன. பெற்றுக்கொண்ட செல் அம்மணிகளைத் தன் உட்கருவின் மேல் குடைபோல் விரித்து, மரபுப்பொருளைச் சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து காக்கிறது. இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. உடலின் ஒரே பகுதியை ஒப்பிட்டால், கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. கறுத்த தோலில் அந்த மணிகள் பெரியவை, தனித்தனியாகப் பரவியவை, மெதுவாகச் சிதைபவை. வெளுத்த தோலில் அவை சிறியவை, கொத்தாக இருப்பவை, விரைவில் சிதைபவை. வேறுபாடு இவ்வளவுதான்.

கூந்தலின் கதையும் இதுவே. மயிர்க்காலின் அடிக்குமிழில் வளரும் செல்களுக்கு அங்குள்ள நிறமிச் செல்கள் மெலனினை ஊட்டுகின்றன. அச்செல்கள் கெரட்டினாக இறுகி முடியாக வெளிவருகின்றன. கூந்தலைக் கருமையாக்குவதும் கன்னத்தைக் கருமையாக்குவதும் ஒரே வகை மெலனின்தான். வயது ஏறி மயிர்க்காலில் நிறமிச் செல்கள் குன்றும்போது முடி நரைக்கிறது. உடனே நாம் கவலைகொள்கிறோம். தலையில் அது குறைந்தால் வருந்துகிறோம், முகத்தில் இருந்தால் வருந்துகிறோம். படைத்தவனின் ஒரே கொடையை ஓரிடத்தில் புகழ்ந்து மற்றோரிடத்தில் இகழ்வது எவ்வகை நியாயம்?

அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனம், மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ஃபாத்திர் அத்தியாயத்தின் 28ஆம் வசனம் மனிதர்களின் பல நிறங்களைச் சொல்லி, அதே மூச்சில் அல்லாஹ்வை உண்மையாக அஞ்சுவோர் அறிவுடையோரே என்கிறது. நிறத்தைப் பற்றிய பேச்சும் அறிவைப் பற்றிய பேச்சும் ஒரே வசனத்தில் இணைந்திருப்பது நமக்குப் படிப்பினை. ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லி இழித்த அபூதர் (ரலி) அவர்களிடம், அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் எஞ்சியிருக்கிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அத்தகைய உயர்ந்த நபித்தோழருக்கே அந்தக் கண்டிப்பு என்றால், பேத்தியைக் ‘கறுப்பி’ என்று கேலியாக அழைக்கும் நம் வீடுகளின் நிலை என்ன?

இது வெறும் மனவருத்தத்தோடு முடியும் செய்தியன்று. மாப்பிள்ளை வீட்டாரின் ஒரு சொல்லுக்கு அஞ்சி, நம் பெண்பிள்ளைகள் வெளுப்பூட்டும் களிம்புகளைத் தேடுகிறார்கள். அவற்றுள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. மெலனின் உருவாகத் தேவையான நொதியைப் பாதரசம் முடக்குகிறது. தோலின் வழியே உடலுள் புகுந்து சிறுநீரகத்தையும் தாக்குகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய களிம்புகளைப் பூசியவர்களிடையே சிறுநீரக நோய் காணப்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் 2023இல் வெளிப்படுத்தினர். 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசமுள்ள அழகுப் பொருள்களின் உற்பத்தியை 2020க்குள் நிறுத்தக் கோரியது. ஆயினும் தயாரித்தவர் பெயரில்லாத களிம்புகள் இன்னும் கிடைக்கின்றன. வேறு சில களிம்புகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறது. மருத்துவர் கண்காணிப்பின்றி நெடுநாள் பூசினால் அது தோலை மெலியச் செய்கிறது. தீங்கு செய்தலையும் தீங்குக்குத் தீங்கு செய்தலையும் விலக்கிய மார்க்கத்தில், ஒரு நிக்காஹுக்காகச் சிறுநீரகத்தை ஈடுவைப்பதை எப்படி ஏற்பது?

“மணப்பதற்கு முன் பெண்ணைப் பார்ப்பது மார்க்கம் அனுமதித்ததன்றோ? அழகை விரும்புவது இயல்பன்றோ?” என்று சிலர் வினவலாம். உண்மைதான். பார்க்கும் உரிமை மணமகனுக்கும் மணமகளுக்கும் உண்டு. மனம் ஒப்பாத மணத்தை எவர்மீதும் திணிக்க முடியாது. ஆனால் இங்கு நடப்பது வேறு. பார்ப்பதற்கு முன்பே, படிவத்திலுள்ள ஒரு சொல்லைக் கொண்டு, மாமியாரும் நாத்தனாரும் அந்தப் பெண்ணைத் தள்ளிவிடுகிறார்கள். அல்லது அவள் நிறத்துக்கு நகையில் விலை பேசுகிறார்கள். மஹர் கொடுத்து மணக்கக் கட்டளையிடப்பட்டவர்கள் நிறத்தைக் காட்டிப் பவுன் கேட்பதற்கு எந்த நபிமொழியும் துணை நிற்காது. பெண்ணை மணக்கும் காரணங்களில் அழகையும் குறிப்பிட்ட நபி (ஸல்) அவர்கள், மார்க்கப் பற்றுள்ளவளையே தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது.

எனவே மஹல்லா ஜமாஅத்துகளிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வைத்திருக்கும் திருமணத் தகவல் படிவங்களிலிருந்து ‘நிறம்’ என்ற கட்டத்தை நீக்குங்கள். ஆலிம் பெருமக்கள் ஒரு ஜும்ஆவிலேனும் இதைப் பற்றிப் பேசட்டும். தாய்மார்களே, மருமகள் தேடிப் போகும் வீட்டில் அந்தப் பெண்ணின் தொழுகையையும் குணத்தையும் கேளுங்கள். உங்கள் மகள் கண்ணாடிமுன் நின்று வருந்தும் நாளில், அவள் கூந்தலின் கருமையும் கன்னத்தின் கருமையும் அல்லாஹ் வைத்த ஒரே காப்பு என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அவள் மேசையிலுள்ள பெயரற்ற களிம்பையும் அன்றே அப்புறப்படுத்துங்கள்.

அல்லாஹ் நம் உள்ளங்களையும் செயல்களையும் சீராக்குவானாக. ஆமீன்.