பொத்தானும் கட்டளையும்

கணினியில் ஓர் ஆவணத்தைச் செம்மையாக வடிவமைக்க இருவழிகள் உள்ளன. திரையில் தோன்றும் பொத்தான்களையும் பட்டியல்களையும் சுட்டியால் தெரிவுசெய்து எழுத்தளவு, ஓரவெளி, வரியிடைவெளி ஆகியவற்றை மாற்றுவது ஒன்று. அவற்றைக் கட்டளைகளாக எழுதிக் கணினியை நிறைவேற்றச் செய்வது மற்றொன்று. பொத்தான்வழியே போதும் என்பது இன்று பலரின் எண்ணம். அது எளிது என்பதில் ஐயமில்லை. போதுமா என்பதே ஆராயத்தக்கது.

பொத்தானின் கொடை

1974இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பிராவோ என்னும் மென்பொருள் உருவானது. தாளில் அச்சாகும் வடிவத்தைத் திரையிலேயே காட்டியது அதன் சிறப்பு. அதனை உருவாக்கியோருள் ஒருவரான சார்லஸ் சிமோனி பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு உருவான வேர்டு என்னும் சொற்செயலி 1983இல் வெளிவந்தது. நிரலறிவு இல்லாதோரும் கடிதமும் விண்ணப்பமும் தாமே அமைக்க இவ்வழி துணைநின்றது. இக்கொடையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

கட்டளையின் வலிமை

1977இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு நூத், தம் நூலொன்றின் மறுபதிப்புக்கான மெய்ப்புகளைக் கண்டு மனநிறைவு கொள்ளவில்லை. உலோக எழுத்துகளால் கோக்கப்பட்ட முதற்பதிப்பின் அழகு அவற்றில் இல்லை. எனவே, டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைத் தாமே உருவாக்கினார். 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மீது லாடெக்கைக் கட்டமைத்தார். கணிதச் சமன்பாடுகள் நிறைந்த ஆய்வுக்கட்டுரைகள் இன்றும் பெருமளவில் அதனாலேயே அமைக்கப்படுகின்றன. ஒருங்குறியை ஏற்கும் ஸீடெக் 2004இல் வந்தபின் தமிழ் நூல்களுக்கும் இவ்வழி திறந்தது.

பன்னிரண்டு இயல்கள் கொண்ட நூலொன்றில் தலைப்பின் அளவை மாற்ற வேண்டுமெனக் கொள்வோம். ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து மாற்றினால் ஓரிடமேனும் விடுபடக்கூடும். கட்டளையில் ஒருவரியைத் திருத்தினால் பன்னிரண்டும் ஒருசேர மாறும். மேலும், அழுத்திய பொத்தான் சுவடு வைப்பதில்லை. எழுதிய கட்டளையோ சான்றாக நிற்கும். அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம்.

பட்டியல்கள் நிலையானவையுமல்ல. வேர்டின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் பழைய பட்டியல்கள் மறைந்து நாடா வடிவம் வந்தபோது, பழகியவர்களும் வழியைப் புதிதாகத் தேட நேர்ந்தது. நூத்தோ, 1990இல் டெக்கின் வளர்ச்சியை நிறுத்திப் பிழைதிருத்தங்களை மட்டுமே ஏற்றார். அதன் பதிப்பெண், ஒவ்வொரு திருத்தத்திலும் ஓர் இலக்கம் கூடி, பை என்னும் கணித மாறிலியின் மதிப்பை நெருங்கிச் செல்கிறது.

நாம் கொள்ள வேண்டுவது

கட்டளைவழியிலும் இடர்கள் உண்டு. ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் பணி தடைப்படும். புதிதாகக் கற்பவர் சோர்வுறுவர். ஒருபக்கக் கடிதத்துக்கு அத்துணை முயற்சி வேண்டியதில்லை. எனினும், நெடிய ஆவணங்களை எழுதவிருக்கும் மாணவர்கள் பொத்தானோடு நின்றுவிடலாகாது என்பதே என் கருத்து.

முதற்படி எளிதே. சொற்செயலிகளிலேயே பாணி என்னும் வசதி உண்டு. 'தலைப்பு', 'மேற்கோள்' எனப் பெயரிட்டு வடிவத்தை ஒருமுறை வரையறுத்தால் ஆவணம் முழுதும் அது பின்பற்றப்படும். பொத்தானுக்குள் உறையும் கட்டளை அது. அங்குத் தொடங்கிப் படிப்படியாகக் கட்டளை எழுதக் கற்கலாம். பட்டியல் அளிப்பது அதனை வடிவமைத்தவர் எண்ணிப்பார்த்த வாய்ப்புகளை மட்டுமே. நம் தேவையை நாமே வரையறுக்க வேண்டுமாயின், அதைத் தெளிவாக எழுதவும் அறிந்திருத்தல் வேண்டும்.