தோட்டத்து மண்ணையும் ஆராயுங்கள்

தமிழ்நாட்டின் கீழடி அகழாய்வில் ஒரு பானை ஓடு கிடைத்தாலும் மலேசியத் தமிழர்கள் நாம் கொண்டாடுகிறோம். புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் பாட்டன் பூட்டன் பிழைத்த லயன் வீடுகளை மண்வாரி இயந்திரம் தள்ளும்போது மட்டும் அங்கே வரலாறு இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. வட சிலாங்கூரின் பழைய தோட்டக் குடியிருப்புகளும் தொல்லியல் தலங்களே. அவற்றை ஆராய்ந்து பதிவு செய்யும்வரை நில மேம்பாட்டுக்கு அனுமதி தரக் கூடாது.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் உருவானது. அதைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்ரி ஃபோக்கோனியேவின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. மலாயாத் தோட்ட வாழ்வைச் சொன்ன அவரது நாவலுக்கு 1930இல் கோன்கூர் பரிசும் கிடைத்தது. காடு வெட்டி, கான் தோண்டி, கன்று நட்டவர்களின் வாழ்வை எங்கே தேடுவது? கிராணியின் செக்ரோல் பதிவேட்டில் பெயரும் ஆள் கணக்கும் கூலிக் கணக்கும்தான் இருக்கும். லயன் அடித்தளம், கிணற்று உறை, ஆயாக் கொட்டகைத் திண்ணை, பெரட்டுக் களம், முனியாண்டி சூலம், புல் மூடிய இடுகாடு: அவர்கள் விட்டுப்போன ஆவணம் இவ்வளவுதான். எந்தத் தட்டில் உண்டார்கள், என்ன மருந்து குடித்தார்கள், எத்தனை பிள்ளைகளைச் சின்னக் குழிகளில் புதைத்தார்கள் என்பதை அந்த மண்ணைக் கேட்டால்தான் தெரியும்.

கூலிகள் இருந்த இடத்தில் என்ன தொல்லியல் என்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தில் வாரம் பெர்சி என்றொரு சிற்றூர். ஆட்டு மேய்ச்சலுக்கு இடம் வேண்டி, கடைசிக் குடியானவர்களையும் 1500 வாக்கில் வெளியேற்றிவிட்டார்கள். அந்த ஊரைத் தொல்லியலாளர்கள் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அகழ்ந்து, ஏழை உழவர் வாழ்ந்த விதத்தை உலகுக்குச் சொன்னார்கள்.

இங்கோ, 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் இருக்கும்போதே, 2013இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் இருந்த 11ஆம் எண் சண்டி கோயிலை ஒரு மேம்பாட்டு நிறுவனம் இடித்தது. ஆயிரம் ஆண்டுக் கோயிலுக்கே அந்தக் கதி என்றால், அரசிதழில் இடம்பெறாத லயனுக்கு என்ன காவல்?

நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. தோட்ட நிலத்தின் வகையை மாற்றும் முன் லயன், கோயில், இடுகாடு மூன்றையும் அளந்து பதிவதை சிலாங்கூர் அரசு நிபந்தனையாக்க வேண்டும். செலவை மேம்பாட்டாளர் ஏற்கட்டும். முன்னாள் தொழிலாளர்களுக்குத் தர வேண்டிய வீடுகளைத் தாமதிக்க இதைச் சாக்காக்கவும் கூடாது.

தோட்டத்தில் பிறந்தவர்களே, அரசு அசையும்வரை காத்திருக்க வேண்டாம். கல்லறைப் பெயர்களைப் படமெடுங்கள். யார் வீடு எங்கே இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டு வரைபடம் வரையுங்கள். இயந்திரம் வந்து நின்றபின் மனு எழுதிப் பயனில்லை.