மொதல்ல சோறு, அப்புறம் பேச்சு

ஆயர் குரோவில் இரவு ஷிப்ட் முடிந்து மாமாக் கடையில் உட்காரும்போது எங்கள் மேசைக்கு அடிக்கடி வந்து சேரும் வாக்கியம் ஒன்று உண்டு. "இந்த நாட்டுக்கு மறுபடியும் பழைய மகாதீர் மாதிரி ஒரு ஆள் வேணும்டா." சொல்பவன் என் வயதுக்காரன். என்னைப் போலவே தோட்டத்துக் குடும்பம், உள்ளூர்ப் பல்கலைக்கழகம், இன்னும் கட்டி முடிக்காத படிப்புக் கடன். பழைய மகாதீரின் காலத்தில் அவன் பால்புட்டி குடித்துக்கொண்டிருந்திருப்பான். இன்னொருவன் லீ குவான் யூவைக் கூட்டி வருவான். கொஞ்சம் வாசிக்கிறவன் டெங் சியாவ்பிங்கை இழுத்து வருவான். கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: மொதல்ல சோறு, ரோடு, ஃபேக்டரி. பேச்சுரிமை, யூனியன் எல்லாம் வயிறு நிறைஞ்ச பிறகு பாத்துக்கலாம்.

இதை எளிதாகத் தூக்கிப் போட என்னால் முடியாது. என் சம்பளமே அந்த ஃபேக்டரியிலிருந்துதான் வருகிறது. அம்மா 1987-இல், 19 வயதில், பத்து பெரெண்டாம் சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் ஒரு மின்னணு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஜாசின் பக்கத்துத் தோட்டத்துக்கு விடியுமுன்னே ஆலை பஸ் வரும். பாட்டி பால்மரம் வெட்டக் கிளம்புவதும் அதே நேரத்தில்தான். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சிப்பில் இணைப்பது அம்மாவின் வேலை. "தோட்டத்துல இருந்து தப்பிச்சேன்" என்றுதான் இன்றும் சொல்வார். தப்பித்தது உண்மை. கண்ணைக் கொடுத்துத் தப்பித்தார் என்பதும் உண்மை.

அம்மா வேலைக்குச் சேர்ந்த அதே ஆண்டில் இந்த நாட்டில் என்ன நடந்தது என்பதை என் நண்பர்கள் யாரும் தேடிப் படித்ததில்லை. சரி, ரோட்டிலிருந்தே ஆரம்பிப்போம். வலிமையான தலைவர் என்றதும் அவர்கள் முதலில் காட்டுவது வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைத்தானே. 1983-இல் மகாதீர் தனியார்மயத்தை அறிவித்தார். நெடுஞ்சாலைக் குத்தகை அம்னோவோடு தொடர்புடைய யுனைடெட் எஞ்சினியர்ஸ் நிறுவனத்துக்குப் போனது. எந்த அடிப்படையில் கொடுத்தீர்கள் என்று கேட்டு 1987-இல் எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் நீதிமன்றம் போனார். முந்தைய ஆண்டு வரை அவர் நம் கோத்தா மலாக்காவின் எம்.பி. இடைக்காலத் தடையும் வாங்கினார். அக்டோபர் 27-இல் ஓப்பராசி லாலாங் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இசா சட்டத்தில் உள்ளே போனார்கள். பத்திரிகைகள் சிலவற்றின் உரிமம் பறிபோனது. லிம் கிட் சியாங் உள்ளே இருக்கும்போதே, 1988 மார்ச்சில், உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: இந்த வழக்கைப் போட அவருக்குத் தகுதி இல்லை. அதாவது, நீ கேட்ட கேள்வி சரியா தப்பா என்பது இல்லை, கேட்க நீ யார் என்பதுதான் தீர்ப்பு. சிம்பாங் அம்பாட் டோலில் கார்டைத் தட்டும்போதெல்லாம் எனக்கு இந்தத் தீர்ப்பு ஞாபகம் வரும்.

லாலாங்கில் பிடிபட்டவர்களில் வி. டேவிட்டும் ஒருவர். மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் பொதுச்செயலாளர். அவர் கைதானதற்கும் அம்மாவின் மைக்ராஸ்கோப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மின்னணுத் தொழிலாளர்களுக்கு ஒரு தேசியச் சங்கம் வேண்டும் என்ற கோரிக்கை எழுபதுகளிலிருந்தே இருந்தது. அரசு மறுத்துக்கொண்டே வந்தது. 1988-இல் அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் மலேசியாவின் வாணிபச் சலுகையை நிறுத்தச் சொல்லி மனுப் போட்ட நேரத்தில், சங்கம் அமைக்கலாம் என்று தொழிலாளர் அமைச்சர் லீ கிம் சாய் அறிவித்தார். சில வாரம்கூட ஓடவில்லை. ஆலை முதலாளிகள் எதிர்த்ததும் அந்தந்த ஆலைக்குள் மட்டும் தனிச் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று அது சுருங்கிப் போனது. "ஒரு வாரம் கேன்டீன்ல யூனியன் யூனியன்னு ஒரே பேச்சு. அப்புறம் சூப்பர்வைசர் வந்து நின்னா எல்லாரும் சோத்தப் பாத்துச் சாப்பிடுவோம்" என்றார் அம்மா. வட்டார அளவில் சங்கம் அமைக்க அரசு அனுமதித்தது 2009-இல். இடையில் 21 வருடம். அதற்குள் அம்மா வேலையை விட்டுவிட்டார்.

அப்புறம், அப்புறம் என்கிறோமே, அந்த அப்புறத்தின் நீளம் ஒரு பெண்ணின் வேலைக்காலம் முழுக்க.

பாட்டியின் பக்கமும் இதே கதைதான், இன்னும் நீளமான அப்புறம். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை டான் சே யான் போட்டது இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், 1896-இல். 1967-இல் புக்கிட் ஆசஹான் தோட்டத்துத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். 1981 செப்டம்பர் 7 காலையில் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தை பி.என்.பி. வாங்கியபோது வெள்ளைக்காரன் காலம் முடிந்தது என்று நாடே மகிழ்ந்தது. நானும் கைதட்டுவேன். ஆனால் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது நின்றுவிட்டதா? தோட்டம் தனியார் சொத்து என்பதால் கிராமத்துக்குப் போன ரோடும் கரண்டும் லயத்துக்கு வரவில்லை. சம்பளம் போதவில்லை என்றால், வா என்று கூப்பிட இந்தோனேசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம், 900 வெள்ளி, 2013-இல்தான் வந்தது. அப்போது லயத்தில் நம் ஆட்கள் எத்தனை பேர் மிச்சம்?

இதையெல்லாம் சொன்னால் நண்பன் சொல்வான்: "அப்படி இருந்ததாலதான்டா வெளிநாட்டுக் கம்பெனி வந்துச்சு." எஞ்சினியராகவே பதில் சொல்கிறேன். கூலியை அழுத்தியே வைத்திருந்தால் முதலாளிக்கு எந்திரத்தை மாற்றும் அவசரம் இருக்காது. செம்பனைக் குலையை இன்றும் நீளக் கம்பில் அரிவாளைக் கட்டித்தான் அறுக்கிறோம். ஆலையில் எந்திரம் மாறியது, ஆனால் வேலையின் தரம் எவ்வளவு ஏறியது? ஐம்பது வருடமாகப் பெரும்பாலும் அடுத்தவன் வடிவமைத்த சிப்பைப் பொட்டலம் கட்டுகிறோம், சோதிக்கிறோம். நாம் லாலாங் நடத்திய அதே 1987-இல் தைவான் இராணுவச் சட்டத்தை நீக்கியது. டி.எஸ்.எம்.சி. தொடங்கியதும் அதே ஆண்டு. ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தில் அரசுப் பணம் நிறையவே இருந்தது. தென்கொரியாவிலும் அதே 1987-இல் தெருவில் இறங்கித்தான் நேரடித் தேர்தலை வாங்கினார்கள், பின்னாலேயே தொழிலாளர்கள் சம்பள உயர்வையும் வாங்கினார்கள். கேள்வி கேட்க விட்டதால் இரண்டு நாடும் பிச்சை எடுக்கப் போகவில்லை. நம்மைத் தாண்டிப் போனார்கள்.

சரி, ஆட்சி மாறினால் போதுமா? 2018 மே 9 இரவு நாங்கள் ஹாஸ்டலில் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். சிலர் அழுதார்கள். கொடுங்கோல் சட்டங்களை நீக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்த கூட்டணி அது. அடுத்த ஆண்டு அக்டோபரில், இசாவின் இடத்தில் வந்த சொஸ்மாவில் 12 பேர் பிடிபட்டார்கள். விடுதலைப் புலிகளை ஆதரித்ததாகக் குற்றச்சாட்டு. இயக்கம் அழிந்து பத்து வருடம் கழித்து! அவர்களில் ஒருவர் நம் காடேக் சட்டமன்ற உறுப்பினர், ஆளுங்கட்சிக்காரர், மலாக்கா ஆட்சிக்குழு உறுப்பினர் சாமிநாதன். அன்றைக்குப் பிரதமர் மகாதீர். லாலாங்கில் உள்ளே இருந்த லிம் குவான் எங்கும் மாட் சாபுவும் அமைச்சர்கள். 2020 பிப்ரவரியில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. சில நாளில் அந்த ஆட்சியும் கவிழ்ந்தது. சொஸ்மா மட்டும் அப்படியே நின்றது. சட்டத்தை விட்டுவிட்டு ஆளை மாற்றினால், அடுத்து வருகிற ஆள் அதைத் தூக்கிக்கொள்வார். அவர் நமக்குப் பிடித்த ஆளாக இருந்தாலும்.

வலுத்த கை வேண்டும் என்று கேட்கும் என் நண்பர்களிடம் நான் கேட்க நினைப்பது, அந்தக் கை யார் கழுத்தில் விழும் என்று நினைக்கிறீர்கள் என்பதுதான். அமைச்சர் கழுத்திலா, பங்கு வாங்கியவர் கழுத்திலா? நம் குடும்பத்தில் மூன்று தலைமுறைக் கணக்கு இருக்கிறதே, பார்த்துச் சொல்லுங்கள்.

போன மாதம் ஆலையில் கூட்டம் நடந்தது. ஓவர்டைம் கணக்கை மாற்றுவதாக அறிவித்தார்கள். முடிவில் "எனி கொஸ்டின்ஸ்?" என்று மைக்கை அனுப்பினார்கள். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை கை மாறி மாறிப் போய், யாரும் பேசாமல் திரும்பி வந்தது. நானும் வாங்கி அடுத்தவனிடம்தான் கொடுத்தேன். அன்றிரவு மாமாக் கடையில் அந்த ஓவர்டைம் கணக்கைப் பற்றி இரண்டு மணிநேரம் திட்டித் தீர்த்தவன், பழைய மகாதீர் வேண்டும் என்ற அதே நண்பன்.