எந்தக் கப்பலில் ஏறுவது?

எங்கள் ஜீயபுரத்துக்கும் கடலுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. காவிரியம்மை மட்டும் எங்கள் கரையைத் தொட்டுக்கொண்டு கடலைத் தேடிப் போகிறாள்; நாங்கள் படித்துறையோடு நின்றுவிடுகிறோம். பங்குனி உற்சவத்தில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் இவ்வூருக்கு எழுந்தருளுகிறாரே, அதுதான் நாங்கள் அறிந்த பெரும் பிரயாணம். அப்படிப்பட்ட ஊரிலே, சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, "எந்தக் கப்பல் கம்பெனி நல்லது?" என்ற கேள்வி என் வீட்டுத் திண்ணை ஏறி வந்தது.

கேட்டவர் அடுத்த தெருவில் இருக்கும் பெரியவர். ரயில்வேயில் கார்டாக முப்பத்தாறு வருஷம் பச்சைக் கொடி அசைத்து ஓய்வு பெற்றவர். தை மாதத்தில் அவருக்கு சஷ்டியப்தபூர்த்தி நடந்தது. பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து ஒரு தொகையைக் கையில் கொடுத்து, "அப்பாவும் அம்மாவும் சொகுசுக் கப்பலில் போய்விட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். அன்று முதல் மனிதருக்குத் தூக்கமில்லை. மூன்று கம்பெனிகளின் விவரங்களை அச்செடுத்து, ஓரங்களில் சிவப்பு மசியால் குறித்து, கத்தையாகக் கொண்டுவந்திருந்தார்.

"வாத்தியார் ஸார்! ரயிலாயிருந்தால் எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டாம். எந்த வண்டியில் எந்தப் பெட்டி குலுங்காது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கப்பல் சமாசாரம் எனக்குத் தெரியாது. பிள்ளைகள் கொடுத்த பணம்; வீணாய்ப் போகக்கூடாது" என்றார்.

முதல் காகிதம் கார்டீலியா என்னும் இந்தியக் கம்பெனியுடையது. அதன் 'எம்ப்ரஸ்' கப்பல் 1990-ல் கட்டப்பட்டது. பல ஆண்டுகள் ராயல் கரீபியன் கம்பெனியில் ஓடிவிட்டு, 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து இந்தியப் பிரயாணங்களைத் தொடங்கியது. 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழக முதலமைச்சர் அதைக் கொடியசைத்து அனுப்பினார்; அடுத்த ஆண்டு ஜூனில் அது இலங்கைத் துறைகளுக்கும் சென்றது. சுமார் 1,800 பேர் அதில் ஏறலாம். இரண்டாவது, இத்தாலி தேசத்து ஜெனோவா நகரத்துக் கோஸ்டா கம்பெனி. 2007-ல் கட்டப்பட்ட அதன் 'கோஸ்டா செரீனா' 2023 நவம்பரில் மேற்குக் கரையோரமாக இந்தியர்களை ஏற்றிச் சென்றது. எம்ப்ரஸைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஜனங்களை ஏற்றுவது. மூன்றாவது, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் கம்பெனியின் 'கெண்டிங் ட்ரீம்'. 2016-ல் ஜெர்மனியில் கட்டப்பட்டது. மூன்றிலும் புதியது அதுதான். ஆனால் அதில் ஏற முதலில் ஆகாய விமானம் ஏற வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சரித்திரம் படித்த வாத்தியாரிடம் கப்பல் கம்பெனியைப் பற்றிக் கேட்டால் அவருக்கு உடனே ஞாபகம் வருவது தூத்துக்குடிதான். எனக்கும் அப்படியே வந்தது.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் கடலை வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று தன் கொல்லைப்புறத்துக் குளமாக வைத்துக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்று அதற்குப் பெயர். 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. உடனே ஆரம்பித்தது கட்டணச் சண்டை. வெள்ளைக்காரக் கம்பெனி ஆளுக்கு ஒரு ரூபாய் என்று இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. முடிவில் வெள்ளைக்காரக் கம்பெனி, "காசே வேண்டாம், சும்மா ஏறுங்கள், ஏறினவருக்கு ஒரு குடையும் இனாம்" என்று கூவியதாம்!

அந்தக் குடையை வாங்கிக்கொண்டு ஏறியவர்களைப் பழிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஏழைக்கு எட்டணா பெரிது. ஆனால் அந்தக் குடைக்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்டால் பதில் கசப்பாக இருக்கிறது. 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் கைதானார். அவ்வாண்டே நாற்பது வருஷத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. மேல் முறையீட்டில் அது குறைந்தது. குறைந்த காலத்திலும் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911-லேயே அதை மூடிவிட்டார்கள். போட்டியில்லாத துறையில் கட்டணத்தை நிர்ணயிப்பவன் யார் என்பதைக் குடை வாங்கினவர் அன்று யோசித்திருக்க மாட்டார்.

இதைச் சொன்னதும் கார்டு ஸார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் நம் தேசத்துக் கம்பெனிதான்! முடிந்தது விஷயம்" என்று மற்ற இரண்டு காகிதங்களையும் மடிக்கத் தொடங்கினார்.

"சற்றுப் பொறுங்கள்" என்றேன். சுதேசி அபிமானம் நல்லதுதான். ஆனால் அது இக்காலத்துக் கப்பலில் எளிதில் வழி கண்டுபிடிப்பதில்லை. அமெரிக்கரின் நிர்வாகத்தில், உலகத்தின் நாலா மூலைகளிலிருந்தும் வந்த மாலுமிகளோடு ஓடும் ராயல் கரீபியன் கப்பலின் பின்புறத்தில் பஹாமாஸ் தீவின் கொடி பறக்கிறது. இத்தாலியக் கோஸ்டாவே அமெரிக்கக் கார்னிவல் கூட்டத்தைச் சேர்ந்தது. தவிரவும், அபிமானத்தை நம்பி முன்பணம் கட்டிவிட முடியாது. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பலை விட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றுவிட்டது. 2019-ல் மும்பையில் ஜலேஷ் என்ற இந்தியக் கம்பெனி 'கர்ணிகா' கப்பலோடு ஆரம்பமாயிற்று. 2020-ல், கொள்ளை நோய்க் காலத்தில், மூடப்பட்டது. ஆகையால் யாருடைய கப்பல் என்று கேட்பதோடு, புறப்படாமற் போனால் பணம் எத்தனை நாளில், எந்த வழியாய்த் திரும்பி வரும் என்பதையும் எழுத்து மூலமாய்க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிறகு காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நேயர்களில் யாருக்காவது இந்தச் சந்தேகம் வரலாம் என்பதால், எங்களுக்குப் புலப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

பெரிய எழுத்தில் இருக்கும் தொகை, பெரும்பாலும் இருவர் ஓர் அறையில் தங்கும்போது ஒருவருக்கு ஆகும் தொகை. தம்பதிகள் அதை இரண்டால் பெருக்கிய பிறகே மூச்சு விட வேண்டும். துறைமுகக் கட்டணம், வரி, சிப்பந்திகளுக்கான சேவைப் பணம் ஆகியவை அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். குடிவகைகளுக்கும், கப்பலிலே கிடைக்கும் இணையத் தொடர்புக்கும், கரையில் சுற்றிக் காட்டுவதற்கும் பொதுவாகத் தனிப்பணம். எல்லாவற்றையும் கூட்டிய பின்பு மலிவானது மலிவாயிராது; உயர்ந்தது அத்தனை உயர்வாயும் தோன்றாது. இனாம் குடை இன்றும் இருக்கிறது, கைப்பிடிதான் மாறியிருக்கிறது.

அறைகளிலும் ஜாதி உண்டு. ஜன்னலே இல்லாத உள்ளறை, ஜன்னல் அறை, முன்றில் வைத்த அறை என்று விலை ஏறும். தூங்குவதற்கு மட்டும் அறைக்குப் போகிறவருக்கு உள்ளறை போதும். முதல் தடவை போகிறவர்கள், வயிறு புரட்டும் என்று அஞ்சுகிறவர்கள், கப்பலின் நடுப்பாகத்தில் கீழ்த்தட்டு அறையாகக் கேட்பது நலம். ஆட்டம் அங்கேதான் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்காள விரிகுடாவின் குணம் நமக்குத் தெரிந்ததே. அப்பொழுது கட்டணத்தைக் குறைத்தாலும் அவசரப்பட வேண்டாம்.

சைவச் சாப்பாடு உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது. தனிச் சமையலா, காலை ஆகாரத்துக்கு என்ன என்றும் கேட்க வேண்டும். இரவு முழுவதும் ஆட்டமும் பாட்டும் நடக்கும் கப்பலா என்றும் விசாரிக்க வேண்டும். சூதாட்டக் கூடத்தைப் பற்றி ஆட்சேபம் எழுந்து, 2022-ல் புதுச்சேரிக்காரர்கள் சொகுசுக் கப்பலைத் தங்கள் கரைக்கு வரவிடவில்லை. சிலருக்கு அது வேடிக்கை, சிலருக்குத் தலைவலி. இந்தியத் துறைகளுக்குள் போவதற்கு அடையாள அட்டை போதும். அயல் தேசத்துத் துறையைத் தொட்டால் பாஸ்போர்ட்டும் அந்நாட்டு அனுமதியும் வேண்டும்.

எந்தக் கம்பெனியானாலும் ஒன்றைத் தவறவிடக்கூடாது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரத்தில் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டனர். அதன் பின்பு சர்வதேச விதி மாறியது: ஒரு நாளுக்கு மேற்பட்ட கடற்பிரயாணத்தில், கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்டவுடனோ பிரயாணிகளுக்கு அபாயகாலப் பயிற்சி நடத்தியாக வேண்டும். 2015 முதல் அது அமலில் இருக்கிறது. அந்தச் சமயத்தில் படம் பிடித்துக்கொண்டு நிற்காமல், உயிர்ப்படகு எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இவ்வளவும் பேசி, மூன்று பத்தி போட்டுக் கணக்கும் எழுதியாயிற்று. அதுவரையில் கார்டு ஸாரின் மனைவி கூடத்து வாயிற்படியருகே உட்கார்ந்து, என் வீட்டாருக்குக் கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான்தான் கேட்டேன்: "அம்மா, உங்களுக்கு எந்தக் கப்பல் பிடித்திருக்கிறது?"

"என்னைக் கேட்கிறீர்களா, தம்பி?" என்று அவர் சிரித்தார். பிறகு கீரைக் கட்டைக் கீழே வைத்தார்.

"எங்கள் அப்பா கொழும்பில், புறக்கோட்டை ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினவர். திருச்சியில் போட் மெயில் ஏறுவாராம். பாம்பன் பாலம் தாண்டித் தனுஷ்கோடி. அங்கே கப்பல். கடலைத் தாண்டினால் தலைமன்னார். அந்தக் கரை மெல்ல மெல்லக் கறுப்பாய்த் தெரிவதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! அறுபத்துநாலு புயலில் தனுஷ்கோடியே போன பிறகு அப்பாவும் போகவில்லை. நான் அப்புறம் பிறந்தவள். எனக்கு ஆட்டமும் வேண்டாம், பதினோரு தட்டுக் கப்பலும் வேண்டாம். அந்தக் கரை கண்ணுக்குத் தெரிகிற வேளையில் ஓரமாய் நின்று பார்த்தால் போதும். தலைமன்னாராயிருந்தாலென்ன, வேறு துறையாயிருந்தாலென்ன?"

கார்டு ஸார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை நீ ஒரு நாளும் சொன்னதில்லையே?" என்றார்.

"நீங்கள் கேட்டதில்லையே" என்றார் அம்மாள். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதனால்தான், பக்கத்தில் இருந்த எனக்கே கஷ்டமாக இருந்தது. முப்பத்தாறு வருஷம் இலவச பாஸில் காசிக்கும் டில்லிக்கும் அழைத்துப் போனவர். கேட்காமலே அழைத்துப் போனவர்.

கணக்குக் காகிதத்தை நான் திருப்பிப் போட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற சிறு கப்பல் அந்த வழியை மறுபடி தொடங்கியது. ஏறக்குறைய 110 கிலோமீட்டர். சுமார் நான்கு மணி நேரம். 150 பேருக்கு இடம். நீச்சல் குளமும் நாடகக் கொட்டகையும் கிடையா. நாற்காலியும் கடலும் உண்டு. காற்றும் மழையும் கடுமையாயிருந்தால் கப்பல் போகாது. ஆகையால் ஓடுகிறதா என்று முதலில் விசாரித்துக்கொண்டு, பாஸ்போர்ட்டையும் தயார் செய்துகொண்டு, பிறகே நாகப்பட்டினத்துக்குப் புறப்பட வேண்டும்.

முடிவில் ஏற்பாடு இப்படி ஆயிற்று: முதலில், கடல் அமைதியாயிருக்கும் பருவம் பார்த்து, நாகப்பட்டினத்துச் சிறு கப்பலில் போவது, யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் தங்குவது. அம்மாளின் ஆசையும் தீரும். இருவர் வயிற்றுக்கும் கடல் ஒத்துக்கொள்கிறதா என்பதும் தெரிந்துபோகும். ஒத்துக்கொண்டால், மீதிப் பணத்தில் சென்னையிலிருந்து இரண்டு மூன்று இரவுப் பிரயாணமாக ஒரு பெரிய கப்பல். அது கார்டு ஸாரின் ஆசைக்கு. சிங்கப்பூரைப் பேரன் பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கம்பெனிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியந்தான். பணம் நம்முடையது, ஏமாறக்கூடாது. ஆனால் இருவர் போகும் பிரயாணத்துக்கு ஒருவர் மட்டும் கணக்கெழுதினால் எந்தக் கப்பலும் பாதி காலியாகத்தான் போகும். நேயர்கள் கப்பல் விவரங்களைப் பரப்புமுன் கூடத்து வாயிற்படிப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டுகிறேன்.

திண்ணையிலிருந்து இறங்கும்போது கார்டு ஸார் கேட்டார்: "என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும், வாத்தியார் ஸார்?"

"மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம், ஸார். குடை மட்டும் சொந்தக் குடையாக இருக்கட்டும்" என்றேன்.