துருசு பூட்டும் நாளைச் சொல்லுங்கள்: பழைய கணினிகளுக்காகத் துணுக்காயிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

டிஜிட்டல் பொருளாதார அமைச்சுக்கும், கல்வி அமைச்சுக்கும், வடக்கு மாகாணக் கல்வி அமைச்சுக்கும், முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்துக்கும், கடல் கடந்து வாழும் எங்கள் உறவுகளுக்கும்.

வவுனிக்குளத்தின் கீழ் சிறுபோகம் விதைக்க முன்னர் கூட்டம் கூடும். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த நாளில் துருசு திறக்கும், எந்த நாளில் பூட்டும் என்பதெல்லாம் அங்கே பேசி முடிவாகும். பூட்டும் நாள் தெரியாமல் எவரும் விதைநெல்லை நனைப்பதில்லை.

எங்கள் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் வீடுகளிலும் இருக்கிற கணினிகளுக்காக அப்படி ஒரு கூட்டம் ஒருநாளும் கூடியதில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியுடன் நின்றன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 ஒக்ரோபர் 14. இவை திடீரென்று வந்த நாட்கள் அல்ல. விண்டோஸ் 10 வெளிவந்த 2015ஆம் ஆண்டிலேயே அதன் கடைசி நாளும் குறிக்கப்பட்டுவிட்டது. பத்து ஆண்டுகள் இருந்தன. அந்தப் பத்து ஆண்டுகளில் எங்களிடம் வந்து அதைத் தமிழில் சொன்னவர் எவரும் இல்லை.

திருத்தம் நின்ற கணினி மறுநாளும் வழமைபோலவே இயங்கும். திரை வரும், தட்டெழுதலாம், அச்செடுக்கலாம். ஆபத்து உறைப்பதில்லை என்பதே இதிலுள்ள பெரிய ஆபத்து. புதிய விண்டோசுக்கு ஒரு திருத்தம் வெளியாகும்போது, எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்பதைத் திருடர்களும் பிரித்துப் பார்க்கிறார்கள். அதே ஓட்டை பழைய விண்டோசில் அடைபடாமலே கிடக்கும். அடுத்த வீட்டுக்காரர் பூட்டை மாற்றும்போதெல்லாம் எங்கள் வீட்டுக் கதவின் பலவீனம் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது.

பழைய மென்பொருளை வைத்திருப்பது படிக்காதவர்களின் கவனயீனம் என்று எங்களிடம் சொல்லாதீர்கள். 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினியையே கப்பம் கேட்கும் நச்சுநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் தாக்குதல் நாள் வரையிலான மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அவை போயே போய்விட்டன. அங்கே இயங்கியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. 2021இலிருந்து புதுப்பிக்க எண்ணியிருந்தும் நிதிப் பற்றாக்குறையும் தன் பணிப்பாளர் சபை முன்னர் எடுத்த சில தீர்மானங்களும் தடுத்தன என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே சொன்னது. கொழும்பில் அரசுக்கு நடந்தது, மல்லாவியில் ஒரு மாதர் சங்கத்துக்கு நடந்தால் யார் கணக்கெடுப்பார்?

நடந்தது. இதை எழுதும் நான் அந்தச் சங்கத்தின் கணக்கைப் பார்ப்பவள். சுழற்சிக் கடன் பதிவேட்டை அச்செடுக்கப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஒரு கொமியூனிகேசனுக்குப் போனேன். அங்கிருந்த விண்டோஸ் 7 கணினியில் செருகியதும் எல்லாக் கோப்புறைகளும் குறுக்குவழிகளாக மாறிவிட்டன. கடைத் தம்பி நல்ல பிள்ளை. “அக்கா, வைரஸ் பிடிச்சிட்டுது, போர்மட் அடிச்சால்தான் சரிவரும்” என்றார். நானும் தலையாட்டினேன். நான்கு வருடக் கணக்கு அந்த நிமிடத்தில் அழிந்தது. அந்த வகை வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைக்கிறது, ஒரே ஒரு கட்டளை வரியால் ஐந்து நிமிடத்தில் மீட்டிருக்கலாம் என்பதை ஒரு வருடம் கழித்துத்தான் அறிந்தேன். கணக்கை வைரஸ் அழிக்கவில்லை. அதைத் தெரிந்தவர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இல்லாததுதான் அழித்தது.

2008இல் யுத்தத்தில் பெட்டியோடு ஓடி, பெட்டியும் தொலைந்து, பிறப்புச் சான்றிதழுக்கும் காணி அனுமதிப்பத்திரத்துக்கும் வருடக்கணக்காக அலைந்த சனம் நாங்கள். ஆவணம் தொலைவது என்றால் என்னவென்று எங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. இப்போது அந்தச் சான்றிதழ்களின் பிரதிகள் இந்தக் கணினிகளில்தான் இருக்கின்றன. அஸ்வெசும நலன்புரி விண்ணப்பம், கடவுச்சீட்டு, பல்கலைக்கழக அனுமதி எல்லாம் இவற்றின் ஊடாகவே போகின்றன. டிஜிட்டல் அடையாள அட்டையும் வரவிருக்கிறது என்கிறது அரசு. ஆகவே கேட்கிறோம்.

முதலாவதாக, கடைசித் திகதி. அரச நிதியிலோ நன்கொடையிலோ இந்தப் பிரதேசத்துக்கு வரும் ஒவ்வொரு கணினியின் மேலும், எந்த இயங்குதளம், எந்த நாள் வரை திருத்தம் கிடைக்கும் என்று தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும். பாடசாலைச் சொத்துப் பதிவேட்டிலும் அந்தத் திகதிக்கு ஒரு நிரல் வேண்டும். அந்த நாளுக்கு ஒரு வருடம் முன்னரே, அடுத்து என்ன செய்வது என்று துணுக்காய்க் கல்வி வலயம் கூட்டம் கூட்டி முடிவெடுக்க வேண்டும். இதற்கு ஒரு பேனாவும் ஒரு ஸ்டிக்கரும் போதும். நிதி இல்லை என்ற பதிலை இந்தக் கோரிக்கைக்கு ஏற்கமாட்டோம்.

இரண்டாவது கோரிக்கைக்குப் பணம் வேண்டும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல. விண்டோஸ் 10க்கான நீடித்த பாதுகாப்புத் திருத்தங்களைக் கல்வி நிறுவனங்களுக்கு மைக்ரோசொப்ட் மூன்று ஆண்டுகளுக்குத் தருகிறது. ஒரு கணினிக்கு முதலாம் ஆண்டு 1 டொலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4. இருபது கணினிகள் உள்ள ஒரு பாடசாலைக்கு மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 140 டொலர். இதை ஒவ்வோர் அதிபரும் தனித்தனியே போய் வாங்க முடியாது. அதற்கு உரிம ஒப்பந்தம் வேண்டும், முறையான விண்டோஸ் வேண்டும். மாகாணம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தமாகக் கல்வி அமைச்சே வாங்கித் தரவேண்டும்.

வீட்டுப் பாவனைக்கு ஓர் ஆண்டு நீடிப்பு, 2026 ஒக்ரோபர் 13 வரை. அதற்கு 30 டொலர், அல்லது மைக்ரோசொப்ட் கணக்குத் திறந்து கணினியின் அமைப்புகளை அதில் சேமித்தல், அல்லது அவர்களின் வெகுமதிப் புள்ளிகள் 1,000. ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் மட்டும் பணமும் புள்ளிகளும் அமைப்புகளைச் சேமிப்பதும் தேவையில்லை, மைக்ரோசொப்ட் கணக்கு இருந்தால் போதும். அங்குள்ள நுகர்வோர் அமைப்புகள் எழுதிக் கேட்டன, 2025 செப்டெம்பரில் நிறுவனம் தளர்த்தியது. லண்டனில் இருக்கும் என் மச்சாளுக்கும் அது கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. பாரிசில் இருக்கும் என் அண்ணனுக்குக் கிடைத்தது. எங்களுக்காகக் கேட்க வேண்டியது எங்கள் அரசு. கேளுங்கள். 2017 மே 12ஆம் திகதி ‘வன்னாக்ரை’ 150க்கும் மேற்பட்ட நாடுகளின் கணினிகளைப் பூட்டியபோது, ஆதரவு முடிந்து மூன்று ஆண்டுகளான எக்ஸ்பிக்குக்கூட அதே நிறுவனம் மறுநாளே திருத்தம் தந்தது. முடியாது என்பதல்ல.

ஆனால் அந்த வன்னாக்ரையிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. அதற்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் 14இல், வந்திருந்தது. அப்போதும் திருத்தங்கள் கிடைத்துக்கொண்டிருந்த விண்டோஸ் 7 கணினிகள்தான் அதிகம் மாட்டின. திருத்தம் வெளியானால் போதாது, கணினிக்குள் இறங்க வேண்டும். எங்கள் ஊரில் அது இறங்குவதில்லை. டேட்டா அட்டையில் ஓடும் வீட்டில் ஓர் அப்டேட் மாதத்தின் பாதியை விழுங்கிவிடும். அதனால்தான் விண்டோஸ் அடித்துத் தரும் கடையில் “அப்டேட்டை நிப்பாட்டி விடுங்கோ” என்று நாங்களே சொல்கிறோம். ஆகவே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, பாதுகாப்புத் திருத்தங்களுக்கான டேட்டாவைக் கட்டணமின்றித் தர நிறுவனங்களைப் பணிக்க வேண்டும். பாடசாலை ஆய்வுகூடங்களில் ஒரு கணினி இறக்கியதை மற்றவை அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ளும் வசதி விண்டோஸ் 10இலேயே இருக்கிறது. அதை முடுக்கிவிட ஆசிரியர்களுக்கு அரைநாள் பயிற்சி போதும்.

திருத்தமே கிடைக்காத கணினிகளை என்ன செய்வது? தூக்கி எறியச் சொல்லாதீர்கள். லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளம் பணமின்றிக் கிடைக்கிறது, அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு, விண்டோஸ் 7 காலத்துக் கணினிகள் பலவற்றிலும் ஓடும். கேரளத்து அரச பாடசாலைகள் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி படிப்பிக்கின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதிலேயே பரீட்சை எழுதுகிறார்கள். விரிதாளும் தரவுத்தளமும் லிப்ரே ஓபிஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் செய்யலாம். வலயத்துக்கு ஒரு பாடசாலையில் இதைத் தொடங்கித் தாருங்கள்.

இங்கே எங்கள் சனத்தின் ஒரு பயத்தையும் சொல்ல வேண்டும். பழைய கணினியை விடாமல் பிடித்திருப்பதற்குப் பெரிய காரணம் பாமினி. கடிதங்கள், கூட்ட அறிக்கைகள், கோயில் கணக்கு எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. மாறினால் எல்லாம் கிறுக்கலாகிவிடும் என்று நினைக்கிறோம். அப்படி ஆகாது. பாமினி வெறும் எழுத்துருக் கோப்புத்தான், லினக்சிலும் நிறுவலாம், விரல்கள் பழகிய அதே விசைகளில் அடிக்கலாம். ஆனாலும் அந்த ஆவணங்கள் ஒருங்குறிக்கு மாற வேண்டும். இல்லையெனில் எழுத்துரு போகும் நாளில் அவற்றை வாசிக்க முடியாது. இந்த மாற்றத்தைச் செய்துதரப் பிரதேச செயலகத்தில் ஒரு வசதி வேண்டும்.

ஓர் ஆள் வேண்டும். எல்லாக் கோரிக்கைகளிலும் நான் அழுத்திக் கேட்பது இதைத்தான். துணுக்காய்க்கும் மாந்தை கிழக்குக்கும் சேர்த்து ஒரு கணினித் தொழில்நுட்பவியலாளர், தமிழ் பேசுபவர், சம்பளத்துக்கு நியமிக்கப்பட்டவர், வாரத்தில் ஒருநாள் ஐயன்கன்குளம் போன்ற உட்கிராமங்களுக்கும் போகிறவர். கொமியூனிகேசன் நடத்தும் தம்பி தங்கைகளுக்கும் அவர் பயிற்சி கொடுக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் அடையாள அட்டைப் பிரதிகள் முதலில் போய்ச் சேருவது அவர்களின் கணினிக்குத்தான். கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் 101ஐ அழைத்தால் எந்த நேரமும் தமிழில் பதில் கிடைப்பது உறுதியாக வேண்டும். எங்கள் தரவு எங்காவது கசிந்தால் அதையும் தமிழில், எங்களிடம் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் துணுக்காய்க்கும் சேர்த்துத்தான்.

புலம்பெயர்ந்த உறவுகளே, விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளை உங்கள் அலுவலகங்கள் ஒதுக்கும்போது அவை எங்களை நோக்கிப் புறப்படும். உங்கள் அன்பை நாங்கள் குறைவாக எண்ணவில்லை. அனுப்புங்கள், ஆனால் லினக்ஸ் ஏற்றி அனுப்புங்கள். பத்துக் கணினி அனுப்பும் காசில் எட்டை அனுப்பி, மீதியில் காப்புப் பிரதி எடுக்க இரண்டு வெளி வன்வட்டுகள் வாங்கித் தாருங்கள்.

எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்யப்போவதும் இதில் எழுதப்பட்டிருக்கிறது. கிராக் அடித்த விண்டோசை இனி ஏற்றுவதில்லை. அதைத் திறக்கும் கருவியோடு எத்தனை வைரஸ் உள்ளே வந்தது என்று எவருக்கும் தெரியாது. திருத்தம் நின்ற கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதில்லை. அதை இணையத்திலிருந்து கழற்றித் தட்டெழுதவும் அச்செடுக்கவும் மட்டும் வைத்திருப்போம். சங்கக் கணக்குக்கு இரண்டு பிரதிகள் எடுப்போம், ஒன்றைக் கணினியோடு இணைக்காமல் வேறொரு வீட்டில் வைப்போம். பென் டிரைவ் கெட்டால் போர்மட் அடிக்க முன்னர் தெரிந்தவரைக் கேட்போம்.

இந்தச் சாசனத்துக்கான பதிலைத் தமிழில், கோரிக்கை கோரிக்கையாக, திகதி போட்டுத் தரவேண்டும். அதைத் துணுக்காய்ப் பிரதேச செயலகத்திலும் ஒவ்வொரு கிராம அலுவலரின் அலுவலகத்திலும் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இங்குள்ள ஒவ்வொரு அரச கணினியின் இயங்குதளத்தையும் அதன் கடைசித் திகதியையும் கேட்டு விண்ணப்பிப்போம். அடுத்த போகக் கூட்டம் கூட முன்னர் பதில் வேண்டும்.