தண்டனையைச் சொல்லும் பலகை கல்வெட்டைச் சொல்லாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரைக்கு வருகிறவர்கள் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நகரைச் சுற்றியுள்ள குன்றுகளையோ நுழைவுச்சீட்டு இல்லாமலே பார்க்கலாம். மாங்குளம் குன்றில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டுகள் 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. சமணத் துறவிக்குப் படுக்கை வெட்டித் தந்ததைக் கூறும் அவ்வரிகளில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும் வெள்ளறை வணிகக் குழுவும் வருகின்றன. கீழக்குயில்குடி சமணர் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்தும் உண்டு. ஆனைமலையில் கி.பி. 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. பேருந்துக் கட்டணத்துக்கு மட்டும் காசு வைத்திருக்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல அருங்காட்சியகம் ஏது?

ஆனால், கட்டணம் இல்லை என்பதாலேயே ஓர் இடம் எல்லாருக்கும் திறந்துவிடுவதில்லை. எந்தப் பேருந்து, எங்கே இறங்குவது, எந்தப் பக்கம் ஏறுவது என்று தெரியாதவன் கார் பிடிக்க வேண்டும். தமிழி எழுத்தை வாசிக்க விவரம் தெரிந்தவரைத் தேட வேண்டும். காசுள்ளவருக்கே அது முடியும். அங்கே, சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மத்தியத் தொல்லியல் துறையின் பலகை எச்சரிக்கிறது. எச்சரிக்கை தேவைதான். எதைக் காக்கச் சொல்கிறோம் என்பதையும் அதே அளவு எழுத்தில் சொல்வதுதானே முறை?

ஆள்நடமாட்டம் கூடினால் பாறையில் பெயர் கிறுக்குவார்கள் என்பது நியாயமான அச்சமே. ஆனால் கிறுக்குவதற்கு வாய்ப்பாக அமைவது கவனிக்க ஆளில்லாத தனிமைதான். மதுரைக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியைப் பாருங்கள். குடைவரை, தமிழிக் கல்வெட்டு, தீர்த்தங்கரர் சிற்பம் ஆகிய மூன்றும் உள்ள அவ்வூர் 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் வந்தபோது சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றார்கள். 2025 ஜனவரியில் அச்சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. தம் மலையின் அருமை தெரிந்த ஊரே அதற்கு முதல் காவல். பராமரிப்புக்குப் பணம் வேண்டுமே, கட்டணம் வைக்கலாமே என்பாருக்கும் ஒரு சொல்: சீட்டு வைத்தால், வரத் தயங்கும் ஏழைப் பயணியைத்தான் அது முதலில் தடுக்கும்.

எனவே தொல்லியல் துறைகளும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து, ஒவ்வொரு குன்றடியிலும் கல்வெட்டின் வாசகத்தை இன்றைய தமிழில் தரும் பலகையும், மாட்டுத்தாவணி, பெரியார் பேருந்து நிலையங்களில் பேருந்து விவரமும் வைக்க வேண்டும். உள்ளூர் இளைஞரையே காவலராகவும் வழிகாட்டியாகவும் அமர்த்த வேண்டும். முன்னோர் எல்லார் பார்வைக்கும் பாறையில் வெட்டிவைத்ததை, வழி தெரிந்த சிலருக்கு மட்டும் உரியதாக விட்டுவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.