நாம் கைவிட்ட கம்பளி

கம்பளி குளிர்நாட்டுக்காரர்களின் தொழில் என்று நம்மை நாமே நம்பவைத்துக்கொண்டோம். பெரம்பலூர், சேலம், தருமபுரிப் பக்கத்து மேய்ச்சல் காடுகளில் கருங்குறும்பை ஆடுகள் திரிந்த காலத்திலும் அப்படித்தான் நினைத்தோம். அந்த ஆட்டின் கறியை அறிவோம். கிடை போட்டால் வயலுக்குச் சேரும் எருவையும் அறிவோம். அதன் முதுகில் வளர்ந்த கறுப்பு மயிரைத்தான் அறிந்துகொள்ளவில்லை. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகளைச் சாதி வரலாறு தேடிப் புரட்டிய நாம், ஆடு மேய்ப்பவர்களே கம்பளி நெய்ததைப் பற்றி அதில் வரும் இடங்களை ஒரு கைத்தொழிலின் பதிவாக வாசிக்கவே இல்லை.

எவ்வளவு அறிவு அந்தத் தொழிலில்! ஆட்டைக் குளத்தில் குளிப்பாட்டிக் காயவிட்டு மயிர் கத்தரிப்பார்கள். சிக்குப்பிடித்த மயிரை வில்லின் நாண் அதிர அதிரப் பிரித்தெடுப்பார்கள். பெண்கள் கதிரில் நூற்பார்கள். கம்பளி இழையில் நுண்ணிய செதில்களும் சுருளும் உண்டு. முறுக்கு ஏற ஏற இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி, நெய்யக் குழித்தறி. தெலங்கானாவின் கொங்கடியும் கர்நாடகத்தின் கம்பளியும் இந்த வழியில் வந்தவையே. கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்று ஆட்டின் சொந்த நிறங்களே கோடாகவும் கரையாகவும் ஆனதால் சாயத்துக்கு அதிக வேலையில்லை. வேண்டியிருந்தாலும் பஞ்சமில்லை: கடற்கரை மணலில் தோண்டிய சாயவேர், திண்டிவனம் பக்கத்து அவுரி. படிகாரம் ஏற்றினால் பருத்தியைவிடக் கம்பளி சாயத்தை எளிதாகவே பிடிக்கும். கொதிநீரில் கிளறாமல் பொறுமையாக ஊறவிடத் தெரியவேண்டும்; அவசரப்பட்டுக் கிளறினால் இழைகள் பின்னிச் சுருங்கிக் கட்டியாகிவிடும்.

முரடு, உடம்பைக் குத்தும் என்று அந்தக் கம்பளியை ஒதுக்கினோம். அந்த முரடுதான் அதன் பயன். மழை வந்தால் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஆட்டுக்காரர் மேய்ச்சலைத் தொடர்வார். இரவில் ஈரத் தரையில் அதையே விரித்துப் படுப்பார். அந்த இடத்துக்கு பிளாஸ்டிக் சாக்கும் மலிவுப் போர்வையும் வந்தபோது நமக்கு ஒன்றும் உறுத்தவில்லை. கறி எடை கூடவேண்டும் என்று தக்காண ஆடுகளோடு கம்பளி தராத நெல்லூர்க் கிடாய்களைக் கலந்தபோது அதை முன்னேற்றம் என்றே கொண்டாடினோம். எடை கூடியது, கம்பளி போயிற்று. கத்தரிக்கும் கூலிகூடத் தேறாமல் மயிரைக் காட்டிலேயே போட்டுவிட்டுப் போகும் நிலை அப்படி வந்ததுதான்.

கதர் பேசியவர்களும் இதில் தப்ப முடியாது. ஆதாரப் பள்ளிகளில் தக்ளி சுழற்றிய தலைமுறை நம்மிடம் இருந்தது. அந்தத் தக்ளியில் ஊர் ஆட்டின் மயிரையும் ஏற்றிப் பார்க்கலாமே என்று நாம் யோசிக்கவில்லை. நீலகிரி ஆட்டினத்தின் கதை இன்னும் வருத்தமானது. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்க் குறும்பையோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்களைக் கலந்து உருவான, மெல்லிய கம்பளி தரும் ஆடு அது. அருகிக்கொண்டே போகும் அதைக் காக்கும் பொறுப்பைச் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தின் தலையில் போட்டுவிட்டு நாம் ஊட்டிக் கடைவீதியில் வெளியூர் ஸ்வெட்டர்களை வாங்கினோம்.

இப்போது நகரங்களில் நூற்கவும் நெய்யவும் ஆசையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அவர்கள் கையில் முதலில் நாம் கொடுப்பது கப்பலில் வந்த மெரினோ. கற்கும் ஆசை மெய்யென்றால் முதல் பாடத்தை ஆட்டுக்கிடையில் வைத்துக்கொள்வோம். மயிரை இனாமாகக் கேட்காமல், கத்தரிக்கும் கூலிக்கு மேலே ஒரு விலை கொடுத்து வாங்குவோம். வில் அடிக்கவும் பாவு ஓட்டவும் தெரிந்த முதியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், ஆசிரியருக்குரிய சம்பளத்தைக் கையில் கொடுத்துக் கற்றுக்கொள்வோம்.